இடம் மாறிய ஒரு வரி

விழுப்புரத்தில் இயங்கும் ஜிஎன்யூ லினக்ஸ் பயனர் குழு, மாவட்டத்தின் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தருகிறது. செஞ்சி, தொண்டூர் பக்கத்திலிருந்து ஒருவர் அப்படி லினக்ஸுக்குள் நுழைந்தால், என்றாவது ஒருநாள் விம் அல்லது ஈமாக்ஸ் எடிட்டரைத் திறப்பார். கொஞ்ச நாளில் அவருக்கென்று ஒரு கான்ஃபிக் கோப்பு வளரத் தொடங்கும். எழுத்தின் நிறம், வரி தொடங்கும் இடைவெளி, எந்த விசைக்கு எந்த வேலை என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். பெரும்பாலும் சீனியரின் கோப்பை நகலெடுத்துத்தான் ஆரம்பிப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் நகலெடுத்ததோடு நிற்காமல், இருவர் கோப்புகளை எதிரெதிரே வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எடிட்டரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஒப்பிட உதவுவது 'டிஃப்' என்ற கருவி. பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் 1970களில் உருவாக்கியது. ஜேம்ஸ் ஹன்ட்டுடன் சேர்ந்து அதன் கணக்கு முறையை 1976இல் அறிக்கையாக வெளியிட்டார். இரண்டு கோப்புகளிலும் ஒரே வரிசையில் வரும் பொது வரிகளில் மிக நீளமான தொடர் எது என்று அது தேடுகிறது. அந்தத் தொடருக்குள் வராதவை எல்லாம் நீக்கப்பட்டவை அல்லது சேர்க்கப்பட்டவை. கோப்பின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற கருவி இன்று இயல்பாகப் பயன்படுத்துவது யூஜின் மயர்ஸ் 1986இல் தந்த வேகமான முறை. தேடுவது அதே தொடரைத்தான்.

முதல் கோப்பில் வரிகள் 1, 2, 3; அடுத்ததில் 2, 3, 1 என்று வைத்துக்கொள்வோம். நீளமான பொதுத் தொடர் 2, 3. ஆகவே 1 மேலே நீக்கப்பட்டது, கீழே சேர்க்கப்பட்டது என்கிறது டிஃப். வரி இடம்தான் மாறியிருக்கிறது என்று சொல்ல அதற்குத் தெரியாது. இரண்டு கோப்பையும் அகரவரிசைப்படுத்திவிட்டு ஒப்பிட்டால் வேறுபாடே இல்லை என்று வரும். பலர் இப்படிச் செய்து ஏமாறுகிறார்கள், ஏனென்றால் வரிகளின் வரிசையும் முக்கியம். விம்மில் 'லீடர்' என்றொரு முன்விசை உண்டு; இயல்பில் அது பின்சாய்கோடு. அதை ஸ்பேஸுக்கு மாற்றும் வரி கோப்பின் தொடக்கத்தில் இருந்தால், கீழே வரும் குறுக்குவழிகள் எல்லாம் ஸ்பேஸுக்குக் கட்டுப்படும். அதே வரி கடைசியில் இருந்தால், முன்னே எழுதியவை பின்சாய்கோட்டிலேயே தங்கிவிடும். குறுக்குவழியைப் படிக்கும் அந்தக் கணத்தில் லீடர் எதுவோ, அதையே விம் பதிந்துகொள்கிறது.

தமிழில் எழுதுகிறவரின் கோப்பு வேறுபடும் இடம் இன்னொன்று. விம்மின் முன்னோடியான விஐ எடிட்டரைப் பில் ஜாய் எழுதிய முனையத்தில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. விம்மில் இன்றும் நகர்வதற்கு அவைதான். கணினியின் விசைப்பலகை தமிழ்99 விசைவரைவில் இருக்கும்போது அந்த நான்கும் க, ப, ம, த. கீழே நகர ஜே அழுத்தினால் விம்முக்குப் போவது 'ப', கர்சர் அசையாது. தமிழ் விசைவரைவை விம்முக்குள்ளேயே அமைத்து 'கீமேப்' என்ற ஒரு வரியில் இயக்கினால், தட்டச்சு தமிழிலும் கட்டளை ஆங்கிலத்திலும் ஓடும்.

ஈமாக்ஸில் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. 2023இல் வந்த 29ஆம் பதிப்பில் பிராமி எழுத்தும் சேர்ந்தது. தொண்டூர்ப் பாறையில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. பிராமியில் பழந்தமிழ்ப் புள்ளிக்குத் தனிக் குறியெண் யூனிகோடில் 2021இல்தான் கிடைத்தது. ஊர்க் கல்வெட்டைக் கணினியில் பதிய விரும்பும் மாணவருக்கு இவை பெரிய உதவி.

நகலெடுத்த கோப்பில் ஏதோ ஒரு வரி தொல்லை தருகிறதா? முதலில் விம்மை 'கிளீன்' விருப்பத்துடன், ஈமாக்ஸை 'கியூ' விருப்பத்துடன் திறந்து பாருங்கள். சொந்த அமைப்புகள் எதுவும் ஏறாது. தொல்லை மறைந்தால் குற்றம் கோப்பில்தான். கோப்பின் பின்பாதியை முடக்குங்கள், மறுபடி திறங்கள்; சந்தேகம் எந்தப் பாதியில் விழுகிறதோ அதை மீண்டும் பாதியாக்குங்கள். 200 வரிக் கோப்பென்றாலும் அதிகபட்சம் 8 முறைக்குள் அந்த வரி அகப்பட்டுவிடும்.