பார்த்து வரைதலும் ஒற்றி வரைதலும்

சித்திரம் பயில்வோர்க்கு, ஒரு படத்தைப் பார்த்து வரைதல் தகுமோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. தகும் என்பதே நமது துணிபு. ஆயின், பார்த்து வரைதல் வேறு. ஒற்றி வரைதல் வேறு. முன்னதில் கண்ணும் அறிவும் கையோடு கூடி உழைக்கின்றன. பின்னதில் கை மாத்திரமே உழைக்கின்றது. இவ்வேறுபாட்டை உரிமம் பெற்று வெளியாகும் சித்திரக்கதைகளைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

உரிமச் சித்திரக்கதையாவது, ஒரு திரைப்படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ அதன் உரிமையாளரின் இசைவு பெற்றுப் படக்கதையாக்கி வெளியிடுவதாம். ஏனைய கதைகளில் தலைவனது முகத்தை ஓவியன் தன் மனம்போல் படைத்துக்கொள்ளலாம். இங்கோ அம்முகம் உலகறிந்த நடிகருடையது. சிறிது பிழைப்பினும் வாசகர் கண்டுகொள்வர். ஆதலின் மாதிரிப்படமின்றி இத்தொழில் நடவாது. தவணையோ குறுகியது. எனவே, அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகைமீது புகைப்படத்தை இட்டு, அதன்மேல் தாளை விரித்து, தெரியும் கோடுகளை அவ்வாறே இழுத்துவிடும் ஆசை ஓவியனுக்கு உண்டாகின்றது.

மாதிரிகள் போதாமையால் நேரும் பிழைக்கும் ஓர் உதாரணம் உண்டு. 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைக் கோல்ட் கீ நிறுவனத்தார் 1967 முதல் 1979 வரை சித்திரக்கதையாக வெளியிட்டனர். அதனை வரைந்தோருள் முதன்மையானவராகிய இத்தாலிய ஓவியர் ஆல்பெர்ட்டோ ஜியோலிட்டி, தொடரைக் காணாமலே விளம்பரப் புகைப்படங்களைக் கொண்டு வரையத் தொடங்கினார். அக்கதையின் தொடக்க இதழ்களில் விண்கலத்தின் பின்புறத்தினின்று வாணத்தைப்போல் நெருப்புச் சுவாலை எழுவதாகத் தீட்டப்பட்டது. தொடரிலோ அத்தகைய சுவாலை கிடையாது. புகைப்படம் பொருளின் வடிவைக் காட்டுமேயன்றி அதன் இயக்கத்தைக் கூறாது என்பது இதனால் விளங்கும்.

இனி, ஒற்றி வரைதலின் குறைகளை நோக்குவோம். விளம்பரப் படத்தில் நடிகர் புகைப்படக் கருவிக்கென்று நிற்கின்றார். கதையிலோ அவர் ஓடவும் அஞ்சவும் வேண்டும். ஒற்றப்பட்ட முகம் அச்சத்தைப் பேசும் வாசகத்தின் கீழும் புன்னகை மாறாதிருக்கும். ஒரு கட்டத்தில் ஒளி இடப்புறமிருந்தும், அடுத்த கட்டத்தில் வலப்புறமிருந்தும் வீசும். ஒருவர் கீழிருந்து நோக்கப்பட, அருகிலுள்ளவர் மேலிருந்து நோக்கப்படுவர். அன்றியும், எவ்விடத்தில் கோடு தடிக்க வேண்டும், எவ்விடத்தில் மெலிய வேண்டும் என்பதை எலும்பும் தசையும் அமைந்த முறையை அறிந்தவனே அறிவான். ஒற்றுபவன் நிழலின் விளிம்பையும் மூக்கின் விளிம்பையும் ஒன்றாகவே கொள்வான். உருவம் ஒத்திருக்கும், உயிர் இராது.

நன்னெறிக்குச் சான்றாக ஆல் வில்லியம்சன் என்பாரைக் கூறலாம். இவர் 1980-ஆம் ஆண்டில் 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' என்னும் ஸ்டார் வார்ஸ் திரைப்படத்தை மார்வெல் நிறுவனத்தார்க்காகச் சித்திரக்கதையாக்கினார். இவர் தம் வழிகாட்டியாகப் போற்றிய அலெக்ஸ் ரேமண்டோ, 1934-இல் 'ஃபிளாஷ் கார்டன்' தொடரைத் தொடங்கியவர். உயிருள்ள மனிதரை எதிரில் நிறுத்திப் பார்த்து வரைந்தவர். வில்லியம்சனும் புகைப்படங்களை ஏராளமாகப் பயன்படுத்தினார். எனினும் அவருடைய மாந்தர் நடிகரை ஒத்திருப்பதோடு, கதைக்கேற்ப அசையவும் செய்கின்றனர். மாதிரி அவருக்குப் பணியாளாயிருந்தது; தலைவனாயிருக்கவில்லை.

ஒற்றுதல் எஞ்ஞான்றும் தீதென்று நாம் கூறவில்லை. தான் வரைந்த முன்வரைவைத் தூய தாளுக்கு மாற்றுதற்கு அது தக்க கருவியே. ஆனால், பிறர் எடுத்த புகைப்படத்தை அவ்வாறே ஒற்றித் தன் பெயரை இடுதல் நேர்மையாகாது. கதைமாந்தரை வரைய உரிமம் பெற்றவர், அவர்களைக் காட்டும் புகைப்படங்கள் அனைத்திற்கும் உரிமையாளர் ஆகிவிடார். தவணையின் நெருக்கடி இதற்குக் காரணமாகலாம், நியாயமாகாது.

மாணவ நண்பர்களே, இது ஓவியர்க்கு மாத்திரம் உரிய செய்தியன்று. தாவர நூற்கூடத்தில் மலரின் குறுக்குவெட்டு எதிரே இருக்க, முன்னாண்டு மாணவரின் குறிப்பேட்டிலிருந்து படத்தை ஒற்றிக்கொள்பவர், மதிப்பெண் பெறக்கூடும், மலரை அறியார். ஒரு பொருளைப் பல பக்கத்தினின்றும் நோக்குக. அதன் அமைப்பை உசாவுக. பின்னர் மாதிரியை மூடிவைத்து ஒருமுறை வரைக. மீண்டும் திறந்து ஒப்பிட்டுத் திருத்துக. முதலில் வரும் படம் கோணலாயிருப்பினும், அது கண்ட கண்ணின் படமாயிருக்கும்.