பழைய பெர்டானாவுக்கு உருமாற்றமா, பராமரிப்பா?



நெகிரி செம்பிலானில் லாபு, லிங்கி, பகாவ் பக்கம் இருக்கும் தோட்டக் குடியிருப்புகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். தகரக் கூரையின் கீழ் ஒரு பழைய புரோட்டோன் பெர்டானா வி6 நிற்கும். பானெட் திறந்திருக்கும். நான்கு இளைஞர்கள் குனிந்து நின்று, "இதற்கு டர்போ போட்டால் எப்படி இருக்கும்?" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் அப்பா கேட்பார்: "டே தம்பி, முதல்ல எண்ணெய் மாத்தினியா?"

மகன் கேட்பது உருமாற்றம். அப்பா கேட்பது பராமரிப்பு. இந்த இரண்டில் எது முதலில் வரவேண்டும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட செய்தி.

சின்ன விலையும் பெரிய செலவும்

பெர்டானா 1995-இல் அறிமுகமானது. மிட்சுபிஷி எட்டர்னா காரை அடிப்படையாகக் கொண்டது. 1999-இல் அதற்கு 2.0 லிட்டர் வி6 என்ஜின் வந்தது. ஆறு சிலிண்டர், 24 வால்வு, ஏறக்குறைய 150 குதிரைச் சக்தி. அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் பயணம் செய்த கார் அது. 2010-இல் அதன் உற்பத்தி நின்றது. (2016-இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த பெர்டானா, ஹோண்டா அக்கார்டை அடிப்படையாகக் கொண்ட வேறு கார்.)

அன்று அதிகாரிகள் ஏறிய கார், இன்று ஒரு புது மோட்டார் சைக்கிளின் விலைக்கே கிடைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஆசை வருவதில் வியப்பில்லை. ஆனால் விலைதான் குறைந்தது, செலவு குறையவில்லை. 2008-ஆம் ஆண்டு நடந்ததை நினைத்துப் பாருங்கள். திரெங்கானு மாநில அரசு 34 லட்சத்து 30 ஆயிரம் வெள்ளிக்கு 14 மெர்சிடிஸ் கார்களை வாங்கியது. நாடே அதைப் பற்றிப் பேசியது. அப்போது சொல்லப்பட்ட காரணம், பெர்டானா வி6 கார்களின் பராமரிப்புச் செலவு அதிகம் என்பதுதான். அந்தக் காரணம் சரியா தவறா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். மாநிலக் கஜானாவே கணக்குப் பார்த்த காரை, ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பம் எவ்வளவு கணக்காக வைத்துக்கொள்ள வேண்டும்?

ஓடிய தூரத்தையும் பாருங்கள். போர்ட்டிக்சனிலிருந்து சிரம்பானுக்கு வேலைக்குப் போய்வந்தால் நாளுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 1,500, ஆண்டுக்கு 18,000, இருபது ஆண்டில் 360,000 கிலோமீட்டர். இப்படி ஓடிய என்ஜினிடம்தான் "இன்னும் வேகமாகப் போ" என்கிறோம்.

இழந்ததை மீட்பதே முதல் உருமாற்றம்

பழைய கார் மந்தமாகிவிட்டது என்றால், அதன் சக்தி போதாது என்று பொருளல்ல. இருந்த சக்தி எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். எங்கே என்று கண்டுபிடிக்காமல் புதுப் பாகம் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

முதல் வேலையாக, ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கலாம். அந்த என்ஜினுக்கு டர்போ போட்டால் நோய் கூடும், வேகம் கூடாது.

அடுத்தது டைமிங் பெல்ட். என்ஜினின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே தாளத்தில் சுழல்வது இந்த ரப்பர் பட்டையால்தான். ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடலாம். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். டென்ஷனர், பேரிங், வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் அதே கூலியில் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வி6 என்ஜினில் பிளக் ஆறு. முன்வரிசை மூன்றும் கைக்கு எட்டும். பின்வரிசை மூன்றை எட்ட, மேலே இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். அதற்குச் சோம்பி முன்வரிசையை மட்டும் மாற்றி அனுப்பும் பட்டறைகளும் உண்டு. பாதி என்ஜினுக்கு மட்டும் விருந்து வைத்தால் கார் எப்படி ஓடும்?

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள், உள்ளே துருப்பிடிக்கும். கூலண்ட் ஊற்றுங்கள். தானியங்கி கியருக்கு அதற்கென்று சொல்லப்பட்ட எண்ணெயையே பயன்படுத்துங்கள். இவ்வளவையும் செய்து முடித்த பிறகு ஓட்டிப் பாருங்கள். நீங்கள் கடையில் வாங்க நினைத்த வேகத்தில் பாதி, காருக்குள்ளேயே ஒளிந்திருந்தது தெரியவரும்.

தோட்டத்துச் சாலை சொல்லும் பாடம்

நகரத்து நண்பர் செய்த உருமாற்றம் நமக்குப் பொருந்துமா? காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் அழகுதான். ஆனால் செம்பனை லோரிகள் உழுதுவிட்ட செம்மண் சாலையில், தாழ்ந்த கார் முதலில் இடித்துக்கொள்வது எண்ணெய்த் தொட்டியைத்தான். திறந்த ஏர் ஃபில்டரும் அப்படியே. சத்தம் கம்பீரமாக இருக்கும். ஆனால் தரக்குறைவான வடிகட்டியாக இருந்தால் செம்மண் தூசி என்ஜினுக்குள் போகும். பானெட்டின் கீழிருக்கும் சூடான காற்றையும் அது இழுப்பதால், எதிர்பார்த்த சக்தியும் வராது.

இன்னும் ஆசைப்படுபவர்கள் கேலண்ட் விஆர்-4 காரின் 2.5 லிட்டர் இரட்டை டர்போ என்ஜினைப் பொருத்துகிறார்கள். திறமையான கைகளில் அது நன்றாக ஓடும், மறுக்கவில்லை. ஆனால் என்ஜினோடு கதை முடியாது. கியர், ரேடியேட்டர், மவுண்டிங், ஆக்சில், பிரேக் எல்லாம் அதற்கு ஈடாக வேண்டும். பாதியில் பணம் தீர்ந்தால், கார் தகரக் கூரையின் கீழேயே நின்றுவிடும். வேலைக்குப் போகவும் வண்டியில்லை, அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகவும் வண்டியில்லை.

சட்டமும் இருக்கிறது. என்ஜினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும், பரிசோதனையும் உண்டு. காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்தால், விபத்து நடந்த அன்று இழப்பீட்டுக்கு வழியில்லாமல் போகலாம்.

நிற்கத் தெரிந்த பிறகே ஓட வேண்டும்

அப்படியானால் உருமாற்றமே கூடாதா? கூடும். ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் நிற்பது, பிறகு திரும்புவது, கடைசியில் ஓடுவது.

நெடுஞ்சாலையின் வேகவரம்பு 110 கிலோமீட்டர். 140-இல் போகும் கார், அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான இயக்க ஆற்றலைச் சுமந்து போகிறது. நிறுத்தும்போது அவ்வளவையும் பிரேக்தான் தாங்க வேண்டும். ஆகவே முதல் வெள்ளி பிரேக் பேடுக்கும் டிஸ்க்குக்கும் போகட்டும். பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை வாங்காதீர்கள். மழையில் அது பிடிக்காது. பிறகு அப்சார்பர், புஷ், பால் ஜாயிண்ட் ஆகியவற்றைப் புதிதாக்குங்கள். இவையெல்லாம் முடிந்து கையில் பணம் மிஞ்சினால், அப்போது என்ஜினைப் பற்றிப் பேசலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பானெட்டைத் திறந்து நிற்கும் பிள்ளையைத் திட்டி விரட்டாதீர்கள். அந்த ஆர்வம் நாளை அவனுக்கு ஒரு தொழிலாகலாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். என்ன மாற்றினான், எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எத்தனை வெள்ளிக்கு என்று எழுதச் சொல்லுங்கள். மாதாமாதம் அப்பாவும் மகனும் சேர்ந்து அதைப் பாருங்கள். பழுதுச் செலவு காரின் விலையைத் தாண்டத் தொடங்கினாலோ, அடிச்சட்டத்தில் துரு ஏறிவிட்டாலோ, அந்த நோட்டே "போதும், விட்டுவிடு" என்று சொல்லிவிடும்.

அப்பா கேட்ட கேள்வி வேகத்துக்கு எதிரான கேள்வியல்ல. மகன் அதற்கு "மாத்திட்டேன்பா" என்று பதில் சொல்லும் நாளில், டர்போ பற்றி இருவரும் சேர்ந்தே பேசலாம். சிந்திப்போம்.