ஸ்பேமைத் தடுக்கிறோம்னு நல்ல மெயிலைத் தொலைக்கலாமா?

நீங்க ஒரு வேலைக்கு ரெஸ்யூமே மெயில் பண்றீங்கன்னு வச்சுக்குங்க. பதிலே இல்லை. அவங்களுக்குப் பிடிக்கலை போலன்னு விட்டுடுறீங்க. ஆனா அந்த கம்பெனியோட மெயில் சர்வர் அதை ஸ்பேம்னு நினைச்சு, சத்தமில்லாம அழிச்சிருந்தா? உங்களுக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. நாலு ஸ்பேம் உள்ளே வர்றதை விட இது மோசம்.

அப்போ எப்படித் தடுக்கிறது? ஒரு பழைய வழி இருக்கு. புதுசா யார் மெயில் அனுப்பினாலும், "நீங்க நிஜ ஆள்தானா? இந்த லிங்க்கை அழுத்துங்க"ன்னு ஒரு மெயில் திரும்பிப் போகும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்பேம் அனுப்புறவங்க பெரும்பாலும் அனுப்புநர் முகவரியையே பொய்யா போடுவாங்க. அதனால அந்தக் கேள்வி, சம்பந்தமே இல்லாத யாரோட இன்பாக்ஸ்லயோ போய் விழும். ஸ்பேமைத் தடுக்கிறேன்னு நாமளே ஸ்பேம் அனுப்புற கதை! டிக்கெட் புக்கிங் மாதிரி மெஷின் அனுப்புற மெயிலுக்கு அந்த லிங்க்கை அழுத்த ஆளே கிடையாது.

2003-ல எவான் ஹாரிஸ் 'கிரேலிஸ்டிங்'னு ஒரு யோசனை சொன்னார். சுமையை மனுஷங்க மேல வைக்காம சர்வர் மேல வைப்போம்ங்கிறதுதான் அது. அனுப்புற ஐபி முகவரி, அனுப்புநர், பெறுநர், இந்த மூணும் சேர்ந்து முதல் தடவை வந்தா, "இப்போ முடியாது, அப்புறம் வாங்க"ன்னு ஒரு தற்காலிகப் பிழை எண்ணைக் கொடுக்கும். ஒழுங்கான சர்வர் மெயிலை வரிசையில வச்சிருந்து மறுபடி வரும். அன்னைக்கு இருந்த பல ஸ்பேம் புரோகிராம்கள் திரும்பி வராது. சிக்கல் என்னன்னா, நீங்க அவசரமா எதிர்பார்க்கிற ஓடிபி மெயிலும் காத்துக்கிட்டு நிக்கும்.

2011-ல போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வர்ல 'போஸ்ட்ஸ்க்ரீன்' வந்தது. மெயில் உலகத்துல ஒரு மரியாதை உண்டு: வாங்குற சர்வர்தான் முதல்ல வணக்கம் சொல்லணும். போஸ்ட்ஸ்க்ரீன் அந்த வணக்கத்தை முழுசா சொல்லி முடிக்காம, வழக்கமா 6 விநாடி இழுக்கும். அவசரக்கார ஸ்பேம் புரோகிராம் அதுக்குள்ள பேச ஆரம்பிச்சு மாட்டிக்கும். ஒழுங்கான சர்வர் பொறுமையா நிக்கும். தேறின சர்வரை ஞாபகம் வச்சுக்கிறதால, ஒவ்வொரு மெயிலுக்கும் இந்தக் காத்திருப்பு கிடையாது. அனுப்புற மனுஷருக்கு இப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது.

இதையும் தாண்டி ஒரு மெயில் ஸ்பேம் மாதிரியே இருந்தா? இணைப்பு அறுபடுறதுக்கு முன்னாடியே, 5-ல் தொடங்கும் பிழை எண்ணோட மறுத்துடணும். வாங்கி வச்சுட்டு அப்புறம் திருப்பி அனுப்பினா, அதுவும் பொய் முகவரிக்குத்தான் போகும். வாசல்லயே மறுத்தா, உண்மையா அனுப்பினவருக்கு அவரோட சர்வரே "மெயில் போகலை"ன்னு சொல்லிடும்.

ரெஸ்யூமே அனுப்பின உங்களுக்கும் அது போதும். போகலைன்னு தெரிஞ்சா, ஒரு போன் போட்டுக் கேட்டுடலாம் இல்லையா?