அண்ணன் நீட்டிய போத்தல்

கடந்த நவம்பரில் ஒரு நாள் இரவு, பதினொரு மணி இருக்கும். பெரியம்மா மகன் என் அறைக் கதவைத் தட்டினார். எனக்கு 20 வயது, அவருக்கு 27. கையில் சிறிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை வைத்திருந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்துவிட்டதாம், மறுநாள் காலையில் மருத்துவப் பரிசோதனையாம். "உன் யூரின் கொஞ்சம் வேணும் தம்பி. யாருக்கும் தெரியாது" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் முடியாது என்றேன். அவர் மறுநாள் பரிசோதனைக்குப் போகவில்லை. வேலையும் போயிற்று. அதற்குப் பிறகு இரண்டு மாதங்களுக்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

அண்ணன் முதன்முதலில் கஞ்சா புகைத்தது நான்காம் படிவத்தில். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், 16 வயதில். அன்றிலிருந்து 11 ஆண்டுகள். கஞ்சா என்றதும் நம் மனத்தில் வருவது சாலையோரம் விழுந்து கிடக்கும் ஓர் ஆளின் படம். அண்ணன் ஒரு நாளும் அப்படிக் கிடந்ததில்லை. யார் பணத்தையும் திருடியதில்லை, யாரையும் அடித்ததில்லை. வீட்டில் யாரும் கவனிக்காததற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். பள்ளிக் காற்பந்துக் குழுவின் கோல்காவலர் பயிற்சிக்குப் போவதை நிறுத்தினார். எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றவர் டிப்ளோமாவை மூன்றாம் பருவத்தில் விட்டார். பிறகு உணவு விநியோக வேலை. அதுவும் மழை பெய்தால் இல்லை, வெயில் அடித்தால் இல்லை. பெரியம்மா இதற்கெல்லாம் வைத்த பெயர் சோம்பேறித்தனம்.

போத்தல் விவகாரத்துக்குப் பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. அதனால் படிக்கத் தொடங்கினேன்.

கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருளை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் பிரித்தெடுத்தார்கள். மூளையில் அது சென்று ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நினைவாற்றலைக் கவனிக்கும் பகுதியில் நிறைய இருக்கின்றன. புகைத்தவர் பாதிப் பேச்சில் எதைச் சொல்ல வந்தோம் என்று தேடுவது இதனால்தான். மூளை முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயதாகிறது. இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் பலருக்கும் எனக்கும் அது இன்னும் முடியவில்லை.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,037 பேரைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து வரும் ஓர் ஆய்வு உண்டு. பதின்ம வயதில் கஞ்சாவைத் தொடங்கி நெடுங்காலம் விடாமல் புகைத்தவர்களின் ஐ.கியூ. 38 வயதுக்குள் சராசரியாக 8 புள்ளிகள் வரை குறைந்திருந்ததாக 2012இல் முடிவு வெளியானது. பெரியவர்களான பிறகு தொடங்கியவர்களிடம் அந்தச் சரிவு தென்படவில்லை. ஆனால் 2016இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு ஒன்று வேறு கதை சொன்னது. புகைத்தவருக்கும் புகைக்காத உடன்பிறப்புக்கும் ஐ.கியூ.வில் பெரிய வேறுபாடு இல்லை, எனவே குடும்பச் சூழலே காரணமாக இருக்கலாம் என்றது. இந்த இரண்டாவது பகுதியை நம் பள்ளிகளில் நடக்கும் போதைப்பொருள் விழிப்புணர்வு உரைகளில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டும். பாதியை மறைத்தால் மாணவன் மீதியையும் நம்ப மாட்டான்.

மனநலத்தைப் பற்றிய சான்றுகள் இதைவிட வலுவானவை. 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. டி.எச்.சி. அதிகமுள்ள வகையைத் தினமும் புகைத்தவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. நுரையீரலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புகை எந்த இலையிலிருந்து வந்தாலும் புகைதான். காலையில் அண்ணன் இருமுவது எங்கள் வீடு வரை கேட்கும்.

என்னை உலுக்கியது வேறொன்று. மூன்று ஆண்டுகளாக அண்ணனுக்கு அவ்வப்போது வாந்தி வரும். வந்தால் இரண்டு நாள் நிற்காது. அப்போதெல்லாம் குளியலறைக்குள் போய்ச் சுடுநீரில் மணிக்கணக்காக நிற்பார். பினாங்கு வெயிலில் சுடுநீர்க் குளியல்! மின்கட்டணம் ஏறுகிறதே என்றுதான் பெரியம்மா திட்டுவார். கிளினிக்கில் 'கேஸ்ட்ரிக்' என்று மாத்திரை கொடுத்தார்கள். கஞ்சா புகைப்பாயா என்று யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பகுதி மருத்துவர்கள் 2004இலேயே இதை விவரித்திருக்கிறார்கள். நெடுநாள் புகைப்பவர்களில் சிலருக்குத் திரும்பத் திரும்ப வாந்தி வரும், சுடுநீரில் நின்றால் மட்டும் தணியும், புகைப்பதை நிறுத்தினால் நின்றுவிடும். நூலகத்தில் அதைப் படித்தபோது எனக்குக் குளியலறைச் சத்தம் கேட்டது.

"இலைதானே லா. சிவனே குடிச்சது" என்பது அண்ணனின் பழைய வாதம். சிவபெருமான் ஆலகால விஷத்தையும்தான் உண்டார். அதை மட்டும் யாரும் முயன்று பார்ப்பதில்லை. பழகினால் விட முடியாமல் போகாது என்பதும் உண்மை இல்லை. புகைத்துப் பார்ப்பவர்களில் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர்.

சட்டம் இந்த விவாதங்களுக்கெல்லாம் காத்திருப்பதில்லை. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆவது பிரிவில், உட்கொண்டதற்கு மட்டுமே 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. 50 கிராம் வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு சிறை, 10 பிரம்படி. 200 கிராமை எட்டினால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டாலும், நீதிபதி விரும்பினால் இன்றும் அதை விதிக்கலாம். ஹட்யாய்க்கு வேனில் போய் வரும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது, 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது. டி.எச்.சி. உடலின் கொழுப்பில் தங்குவதால், தொடர்ந்து புகைப்பவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் தெரியும். எந்த நாட்டில் புகைத்தாய் என்று பரிசோதனை கேட்காது.

தைப்பூசம் முடிந்த வாரம் அண்ணனே வந்தார். முகம் வெளிறியிருந்தது. "நிறுத்திட்டேன், ஆறு நாளாச்சு" என்றார். நான் குளியலறை விஷயத்தைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. என் கைப்பேசியை வாங்கி, அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தார். பிறகு நெடுநேரம் எதுவும் பேசவில்லை. ஏஏடிகே எனும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்திடம் சிகிச்சைக்குத் தாமாகவே விண்ணப்பிக்க 1983ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது என்றேன். அங்கே போக அவருக்கு இன்னும் பயம். போலீஸ் என்றே நினைக்கிறார். வற்புறுத்தாமல் வாரம் ஒரு முறை கேட்கிறேன்.

இப்போது ஐந்து வாரம். வாந்தி வரவில்லை. ஆனால் எரிச்சல் அதிகம், சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, தூங்கினால் விசித்திரக் கனவுகள். விடுபவர்களுக்கு இவையெல்லாம் வரும் என்று படித்திருக்கிறேன். அவருக்கு முதல் வாரம்தான் மிகக் கடுமையாக இருந்தது. முந்தாநாள் பின்னிரவு மூன்று மணிக்குச் செய்தி அனுப்பினார்: "தம்பி, முழிச்சிருக்கியா?" ஜெலுத்தோங்கில் விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடைக்குப் போனோம். தே ஓ கேட்டார், பாதி குடித்தார். தூக்கம் எப்போது சரியாகும் என்று கேட்டார். சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாமாம் என்றேன். "அப்போ இன்னும் ரெண்டு வாரம் வச்சிக்குவோம்" என்று விரலில் எண்ணிவிட்டு, இரண்டு பேருக்கும் அவரே காசு கொடுத்தார்.