செந்தூள் வரும் வரை

நெமிலியில் என் அத்தை வீட்டுச் சமையலறையில் ஒரு பலகைத் தட்டு மாட்டியிருந்தார்கள். நான்கே மாதம். ஒரு விடியற்காலையில் பித்தளைக் குடமும் அண்டாவுமாக அப்படியே கீழே வந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. நான் போய்ப் பார்த்தபோது திருகாணிகள் நான்கும் வளையாமல், துருப்பிடிக்காமல், புதிதுபோலக் கிடந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிமென்ட் பூச்சு பெயர்ந்திருந்தது. “ஸ்குரூ நல்லாத்தாம்பா இருக்குது, சுவருதான் வந்துடுச்சு” என்றார் அத்தை. பாதி சரி. வந்தது சுவர் அல்ல. சுவரின் மேல் போட்டிருந்த பூச்சு.

மரத்தில் திருகாணியை நேராகவே ஏற்றலாம். மரத்தில் நார் இருக்கிறது. திருகாணியின் புரியை அது கவ்விக்கொள்ளும். செங்கல்லில் நார் கிடையாது. நேராகத் திருகினால் பொடியாகி உதிரும். அதனால்தான் இடையில் ஒரு பிளக் வேண்டியிருக்கிறது. திருகாணி உள்ளே போகப் போக பிளக் விரிந்து துளையின் சுற்றுச்சுவரை நெட்டித் தள்ளும். அந்த நெருக்கத்தால் உண்டாகும் உராய்வுதான் தட்டையும் தாங்குகிறது, கடிகாரத்தையும் தாங்குகிறது.

முன்பெல்லாம் வயரிங் வேலைக்கு வருபவர்கள் உளியால் சதுரமாகக் குழி வெட்டி, மரக்கட்டையைச் சிமென்ட் வைத்துப் பதிப்பார்கள். பாடு அதிகம், குழியும் பெரிது. மரம் காய்ந்து சுருங்கினால் கட்டை ஆடும். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு மின்சார வேலை செய்யப்போன ஜான் ஜோசப் ராலிங்ஸுக்கும் இதே சிக்கல்தான் வந்தது. சுவரைச் சிதைக்காமல் மாட்ட வேண்டும். 1910களின் தொடக்கத்தில் அவர் கண்ட வழி, சணல் நாரை விலங்கின் ரத்தத்தால் இறுக்கிச் செய்த ஒரு சின்னக் குழல். தோல் தொழிலோடு வாழும் ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்களுக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது. தோலின் உட்புறத்திலிருந்து சீவியெடுக்கும் சவ்வைக் காய்ச்சினால் பசை கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததே. தச்சர்களின் வஜ்ஜிரம் அந்த வகைதான். ராலிங்ஸின் பெயர்தான் நம் ஹார்டுவேர் கடைகளில் இன்றும் ‘ரால் பிளக்’ என்று புழங்குகிறது. 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். சில எலக்ட்ரீசியன்கள் ‘ஃபிஷர்’ என்று கேட்டு வாங்குவது அவர் பெயரைத்தான்.

பிளக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது எதற்குள் விரிகிறது என்பதே கேள்வி. உள்சுவர்ப் பூச்சு ஏறக்குறைய அரை அங்குலம். அதற்குள்ளேயே முக்கால்வாசி பிளக் நின்றுவிட்டால், அத்தை வீட்டுத் தட்டின் கதைதான்.

ட்ரில்லிங் மெஷினைப் பிடிப்பவர்கள் கண்ணை பிட்டின் மேல் வைக்கிறார்கள். நான் சொல்வது, தூளைப் பாருங்கள். முதலில் பெயின்ட், பட்டி இவற்றின் வெள்ளை வரும். பிறகு பூச்சின் சாம்பல் நிறம். அதன்பின் சிவப்பாகத் தூள் கொட்டத் தொடங்கினால்தான் செங்கல்லைத் தொட்டிருக்கிறீர்கள். அங்கிருந்துதான் ஆழத்தைக் கணக்கிட வேண்டும்: பிளக்கின் நீளம் செங்கல்லுக்குள் அடங்கி, இன்னும் ஒரு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கவேண்டும். சாம்பல் தூளே தொடர்ந்து வந்து பிட் இறங்க மறுத்தால் அது கான்கிரீட் தூணாகவோ பீமாகவோ இருக்கும். திடீரென்று பிட் ‘சரக்’கென்று உள்ளே போனால் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள இணைப்பு, அல்லது ஹாலோ பிளாக்கின் பொந்து. ஹாலோ பிளாக்கில் மெஷினின் ஹாமர் இயக்கத்தை அணைத்துவிட்டு வெறுமனே சுழலவிட்டுத்தான் துளைக்க வேண்டும். இடித்தால் பின்பக்கம் உடைந்து பிளக்குக்குப் பிடிமானமே இராது.

பிளக் 6 மில்லிமீட்டர் என்றால் பிட்டும் 6. ‘கொஞ்சம் பெரிசாப் போட்டா சுலபமா நுழையும்’ என்று 8ஐப் போட்டுவிட்டு, தீக்குச்சியை ஒடித்துச் சொருகுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். அது மாட்டியது போல இருக்கும், அவ்வளவுதான். பிளக்கைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டித்தான் இறக்க வேண்டும். விரலால் தள்ளி நுழைந்தால் துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். துளைக்குள் தங்கிய தூளை சைக்கிள் பம்ப் வைத்து ஊதுங்கள். வாயால் ஊதினால் கண்ணுக்குத்தான் வரும். தூள் உள்ளே இருந்தால் பிளக் செங்கல்லைத் தொடாமல் மாவின் மேல் வழுக்கும்.

சுவரின் விளிம்புக்கு மிக அருகில் துளைக்காதீர்கள். மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசையாக வெட்டிய சிறு குழிகளை இன்றும் பார்க்கலாம். குழிகளில் ஆப்பு இறக்கிப் பாறையையே பிளந்தார்கள். விரியும் பிளக்கும் ஓர் ஆப்புதான். சுற்றிலும் கல் இருந்தால் பிடிக்கும். ஒரு பக்கம் வெறும் காற்று என்றால் மூலை பெயர்ந்துவிடும்.

எங்கள் வட்டாரத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த தோல் ஆலைக் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு வந்துவிட்டதால் மண்ணில் இறங்கிய உப்பு போய்விடாது. உப்புத் தண்ணீரில் குழைத்த கலவையும், அந்தத் தண்ணீரில் நனைத்த சுவரும் வெள்ளை பூத்து, பொரிந்து உதிரும். அப்படிப்பட்ட சுவரில் விரலால் தட்டினால் பொக்கையாகச் சத்தம் வரும். அந்த இடத்தை விட்டுத் தள்ளி, கெட்டியான இடமாகப் பார்த்துத் துளையுங்கள். சாதாரண இரும்புத் திருகாணி வேண்டாம், துருப்பிடிக்காத எஸ்.எஸ். வாங்குங்கள். சில ரூபாய்தான் கூடுதல்.

சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும், பக்கவாட்டிலும் துளைக்கக் கூடாது. வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

தட்டாக இருந்தாலும் கீசராக இருந்தாலும் பாரம் முன்னால் சாய்ந்து இழுக்கும். அந்த இழுப்பை வாங்குவது மேல் திருகாணிகள்; கீழே இருப்பவை சுவரோடு அழுந்தியே நிற்கும். 15 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டும் 15 கிலோ. அதோடு தொட்டியின் எடையும் சேர வேண்டும். சீலிங் ஃபேனும் கீசரும் ரால் பிளக்கின் வேலை அல்ல. ஃபேனுக்குத் தளம் போடும்போதே பதித்த கொக்கி வேண்டும். கீசருக்கு ஆங்கர் போல்ட் வேண்டும், அதுவும் ஒன்பது அங்குலச் சுவரில். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் அதை மாட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள், மாட்ட வந்தவர் எவ்வளவு உறுதி சொன்னாலும்.

இன்றைக்கே உங்கள் வீட்டு கீசரின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் மேல்விளிம்பைப் பாருங்கள். சுவருக்கும் அதற்கும் நடுவே புதிதாக ஓர் இடைவெளி தெரிந்தால், தண்ணீரை வடித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அதுவரை அதன் அடியில் யாரையும் குளிக்க விடாதீர்கள்.