காமன் கூத்துக்குப் போகுமுன்

மாசி பிறந்தால் இறக்குவானை, எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இரவில் தப்பு (தோல் பறை) முழங்கும். நீங்கள் கொழும்பில் வளர்ந்து, தாத்தா இருந்த லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இப்போதுதான் போகிறீர்களா? அங்கே நடக்கும் காமன் கூத்து கொஞ்சம் குழப்பத்தான் செய்யும்.

கதை என்ன? சிவனின் தவத்தைக் கலைக்கப் போன காமன் (மன்மதன்) நெற்றிக்கண் பட்டுச் சாம்பலாகிறான். அவன் மனைவி ரதி மன்றாட, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிர் பெறுகிறான்.

எத்தனை நாள் நடக்கும்? பெரும்பாலும் அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் பொட்டலில் (கூத்தாடும் திறந்தவெளி) கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமி இரவில் தகனம். ரதி ஒப்பாரி வைக்கும்போது, தங்கள் வீட்டுச் சாவை நினைத்து அழுகிறவர்களையும் பார்ப்பீர்கள்.

ஒரு சாவுக்கு இத்தனை நாளா என்று தோன்றலாம். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் தொராஜா மக்கள், அடக்கச் சடங்கு நடக்கும்வரை இறந்தவரை நோயாளி என்றே சொல்லி, மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில், வீட்டிலேயே வைத்துச் சோறும் படைப்பார்கள். அதைப் பார்த்தால் நம்மவர்கள் அவசரக்காரர்கள்.

ரதியாக வருவது ஆண்தானே, கேலி செய்யலாமா? கூடாது. நேர்த்திக்காக (சாமிக்குக் கொடுத்த வாக்கு) விரதம் இருந்து வேடம் கட்டியிருப்பார். வேடத்தோடு இருக்கும்போது அவர் ரதிதான். பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், தோளில் கை போடாதீர்கள். பொட்டலுக்குள் செருப்பு வேண்டாம். படம் எடுப்பதென்றால் வாத்தியாரிடம் (கூத்தைப் பழக்கியவர்) கேளுங்கள். விளக்கு மின்னும் போன் வேண்டவே வேண்டாம்.

வீரபத்திரன் வேடம் கட்டியவர் வரும்போது பிள்ளைகளைப் பின்னால் நிறுத்துங்கள். அருள் வந்துவிட்டால் ஆள் எந்தப் பக்கம் பாய்வார் என்று அவரைப் பிடித்திருப்பவர்களுக்கே தெரியாது.

காணிக்கை எவ்வளவு? கணக்கில்லை. வேடக்காரர்கள் வாசலுக்கு வந்தால் இருப்பதைக் கொடுங்கள். விடிய விடிய நடக்கும். கம்பளியும் போத்தலில் தேத்தண்ணியும் கொண்டுபோங்கள்.

லீவு? பௌர்ணமி போயா தினம் என்பதால் நாடெங்கும் விடுமுறை. சாராயக் கடையும் மூடியிருக்கும். தோட்டத் தலைவருக்குப் பாதித் தலைவலி குறையும். ஆனால் காமன் உயிர்த்தெழுவது மூன்றாம் நாள். பலர் தகனத்தோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். அழுததை மட்டும் பார்த்துவிட்டு வருவது அரைக் கூத்து. மேலும் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுப் போங்கள்.