நூறு லிட்டரில் ஒரு பவளத்திட்டு

நூறு லிட்டர் நல்ல தண்ணீரில் மூன்றரைக் கிலோ உப்பைக் கரைத்தால் கடலின் உவர்ப்பு வந்துவிடும். லிட்டருக்கு 35 கிராம், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அந்த மூன்றரைக் கிலோவையும் மளிகைக் கடையில் வாங்கியிருந்தால் அந்த நீரில் பவளம் பிழைக்காது. ஏன் என்று தெரிந்துகொள்ள தூத்துக்குடி உப்பளத்துக்குப் போகவேண்டும். பாத்தி பாத்தியாக வெயிலில் கடல்நீர் சுண்டும்போது, அதில் கரைந்திருப்பவை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிகின்றன. முதலில் சுண்ணாம்புச் சத்து அடியில் படிகிறது. அடுத்தது ஜிப்சம். அதன் பிறகே நாம் உண்ணும் சோடியம் குளோரைடு படிகமாக விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிவரை கரைந்தே நின்று, உப்பு வாரியபின் எஞ்சும் கசப்பு நீரோடு வெளியேறிவிடுகின்றன. நம் சமையலுக்கு இது நல்ல சுத்திகரிப்பு. பவளத்துக்கு வேண்டியதெல்லாம் இந்தச் சுத்திகரிப்பில்தான் போய்விடுகிறது.

எனவே வீட்டில் பவளத்தொட்டி வைப்பவர்கள், கடலின் எல்லா உப்புகளும் சேர்ந்த கலவைப் பொடியை வாங்கிக் கரைக்கிறார்கள். எந்தக் கடலைப் பார்த்து அந்தக் கலவையைச் செய்வது? மன்னார் வளைகுடாவா, பசிபிக் பெருங்கடலா? இதற்கு 1884-லேயே விடை கிடைத்துவிட்டது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்தார். மொத்த உவர்ப்பு இடத்துக்கு இடம் கூடியும் குறைந்தும் இருந்தது. ஆனால் முக்கிய உப்புகள் ஒன்றுக்கொன்று கொண்டிருந்த விகிதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. பெருங்கடல்கள் தமக்குள் கலந்து முடிக்க ஆயிரம் ஆண்டு அளவில் ஆகிறது. இந்த உப்புகளோ கடலில் பத்து லட்சம் ஆண்டுகளும் அதற்கு மேலும் தங்குகின்றன. கலக்க வேண்டிய அவகாசம் தாராளமாகக் கிடைத்துவிட்டது. அதனால் ஒரே ஒரு கலவை, எந்தக் கடலின் உயிருக்கும் பொருந்துகிறது. கரைக்கும் தண்ணீர் மட்டும் ஆர்.ஓ. முறையில் வடிகட்டியதாக இருக்கவேண்டும். குழாய் நீரில் வரும் சிறிதளவு செம்புகூட இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

உப்பு கரைந்ததும் சிறிய தொட்டியின் பெரிய சிக்கல் தொடங்குகிறது. ஆவியாகும்போது தண்ணீர் மட்டுமே போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. நூறு லிட்டரில் பத்து லிட்டர் ஆவியானால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உவர்ப்பு 39-ஐத் தொட்டுவிடும். ஆகவே குறைந்த அளவை உப்பில்லாத நீரால் தினமும் நிரப்பவேண்டும். மிதவை ஒன்று நீர்மட்டத்தைக் கவனித்துச் சிறு பம்பை இயக்கும் ஏற்பாடு இதற்கு உண்டு. இதே ஆவியாதல் வேறொரு வகையில் நன்மையும் செய்கிறது. பவளங்களுக்கு 25, 26 பாகை செல்சியஸ் உகந்தது. நம் கோடையில் அறை வெப்பம் அதைத் தாண்டிவிடும். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டால் ஆவியாதல் விரைவுபடும். ஒரே ஒரு லிட்டர் ஆவியாகும்போது அது எடுத்துச்செல்லும் வெப்பம், நூறு லிட்டர் நீரை ஏறக்குறைய 6 பாகை குளிர்விக்கப் போதுமானது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இந்த உத்தி தளர்ந்துவிடும். அங்கே குளிர்விக்கும் கருவி தேவைப்படும்.

நீரும் வெப்பமும் சரியாகிவிட்டன. இனி மீனை விடலாமா? இன்னும் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கவேண்டும். மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அமோனியாவை வெளியேற்றுகிறது. கடல்நீர் சற்றே காரமானது என்பதால் அமோனியாவின் நச்சு வடிவம் அதில் கூடுதலாக இருக்கும். அதை அகற்றக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு கூட்டங்கள் தொட்டியில் குடியேற வேண்டும். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அந்த நைட்ரைட்டும் நஞ்சே. இரண்டாவது கூட்டம் அதைப் பெரிதும் தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றும். இந்த வேலையிலிருந்துதான் அவை வாழ்வதற்கான ஆற்றலையே பெறுகின்றன. சூரிய ஒளியும் இல்லாமல், பிற உயிர் செய்த உணவும் இல்லாமல், அமோனியாவை எரித்தே பிழைக்கும் உயிர்கள் உண்டு என்று நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890-இல் காட்டியபோது உயிரியலுக்கு அது புதிய செய்தி.

இந்த நுண்ணுயிர்களை எங்கிருந்து கொண்டுவருவது? ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்ற மீன் வளர்ப்பாளர், 1961-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் எளிய வழி சொன்னார். கடலில் கிடந்த துளைகள் நிறைந்த கற்களை, ஒட்டியிருந்த உயிர்களோடு அப்படியே தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழிகளை மட்டும் ஓடவிட்டார். பவளங்கள் வாழ்ந்தன. இன்று இதை உயிர்ப்பாறை என்கிறோம். அதன் மேற்பரப்பில், ஆக்சிஜன் நிறைந்த இடத்தில், அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. சில சென்டிமீட்டர் உள்ளே போனால் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அந்த இருட்டில் வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு, மிச்சத்தை நைட்ரஜன் வாயுவாக விடுகின்றன. மீனின் கழிவு காற்றோடு கலந்துவிடுகிறது. ஒரு கல்லுக்குள் ஒரு முழுக் கழிவுநீர் நிலையம் இயங்குகிறது. இப்போது கடலை வெட்டாமல், சுட்ட மண்ணில் செய்த துளைக்கற்களில் இதே பாக்டீரியாக்களை வளர்த்துக்கொள்ள முடியும்.

பாக்டீரியாவிடம் போய்ச் சேரும் முன்பே கழிவைப் பிடித்துவிடும் கருவியும் இருக்கிறது. நுரைப்பான் என்று அழைக்கலாம். கடைக்காரர்கள் ‘ஸ்கிம்மர்’ என்பார்கள். புரதம் போன்ற கழிவு மூலக்கூறுகளில் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை வெறுக்கும். அதனால் காற்றும் நீரும் தொடும் எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த எல்லையைப் பெருக்குவதே நுரைப்பானின் வேலை. ஒரு லிட்டர் காற்றை அரை மில்லிமீட்டர் குமிழிகளாக உடைத்தால் அவற்றின் மொத்தப் பரப்பு 12 சதுர மீட்டர், அதாவது சுமார் 130 சதுர அடி: ஒரு படுக்கையறையின் தரை. குமிழிகள் அழுக்கைச் சுமந்து மேலேறி, பழுப்பு நுரையாகக் கிண்ணத்தில் வழிகின்றன. நன்னீரில் இது சரியாக நடக்காது. அங்கே சிறு குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். உப்புநீர் அவற்றைச் சேரவிடாமல் தடுக்கிறது.

இப்போது பவளத்துக்கு வருவோம். செடிபோல் கிளைத்து, கல்போல் உறைந்து நிற்கும் இது ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் சிறு உடல்கள், வாயைச் சுற்றி உணர்கொம்புகளோடு, ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் குடியிருப்பு அது. ஒவ்வொரு பாலிப்பின் திசுவுக்குள்ளும் பாசி வகை உயிரணுக்கள் தங்கியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டருக்குள், நம் சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில், பத்து லட்சம் பாசிகள் இருக்கலாம். பாசி ஒளியைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 விழுக்காடு வரை இதிலிருந்தே வரக்கூடும். பதிலுக்குப் பவளம் தன் கழிவை உரமாகத் தருகிறது. ஆகவே பவளத்துக்கு உணவு ஊட்டுவது பெரும்பாலும் விளக்குதான். கடலில் சிவப்பு ஒளியை மேலடுக்கு நீரே விழுங்கிவிடும், நீலம் ஆழம்வரை இறங்கும். அதனால் தொட்டியின் எல்.இ.டி. விளக்குகளிலும் நீலமே ஓங்கியிருக்கும்.

அந்த நீல ஒளியில் பல பவளங்கள் பச்சையாகவும் செந்நிறமாகவும் ஒளிர்கின்றன. அவற்றின் திசுவில் இருக்கும் சில புரதங்கள் நீல ஒளியை உறிஞ்சி, வேறு நிறத்தில் திருப்பி விடுகின்றன. தொட்டி வளர்ப்பாளர்களுக்கு நன்கு பழகிய காளான் பவளம் ஒன்றில் இத்தகைய சிவப்புப் புரதம் இருப்பதை 1999-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் ஆய்வகங்களில், உயிருள்ள அணுவுக்குள் எந்தப் பகுதி எங்கே நகர்கிறது என்று காட்ட அந்தப் புரதத்தையும் அதன் வழித்தோன்றல்களையும் விளக்காக ஏற்றுகிறார்கள்.

ஒளியில் கிடைத்த ஆற்றலைக் கொண்டு கல் பவளம் தன் வீட்டைக் கட்டுகிறது. நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து இணைத்துச் சுண்ணாம்புக் கல்லாக்குகிறது. நூறு லிட்டர் கடல்நீரில் இருக்கும் மொத்தக் கால்சியமே ஏறக்குறைய 42 கிராம். வளரும் பவளங்கள் அதை விரைவில் குறைத்துவிடும். ஈடுகட்ட ஐரோப்பிய வளர்ப்பாளர் பீட்டர் வில்கன்ஸ் பரப்பிய வழி, தெளிந்த சுண்ணாம்பு நீர். ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை கிராம் அளவே சுண்ணாம்பு கரையும். அந்தத் தெளிவை இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் அதன் காரம் உயிர்களைக் கொன்றுவிடும். ஆவியான நீரை ஈடுகட்ட எப்படியும் தினமும் நன்னீர் சேர்க்கவேண்டும் அல்லவா? அந்த நன்னீரே சுண்ணாம்பு நீராக இருந்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிகிறது. மன்னார் வளைகுடாவில் இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை பவளக் கற்களை வெட்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். பவளத்தொட்டியில் சுண்ணாம்பு பவளமாகத் திரும்புகிறது.

தொட்டி, வீட்டில் இருப்பவர்களின் மூச்சையும் அறியும். கதவு ஜன்னல்களை அடைத்த அறையில் நிறையப் பேர் கூடியிருந்தால் அவர்கள் விடும் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து, அதன் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைக் கீழே இழுக்கும். கரைந்த வாயு அமிலமாகி, பவளத்துக்குத் தேவையான கார்பனேட்டைக் குறைக்கிறது. ஜன்னலைத் திறந்தால் அளவு மீளும். தொழிற்புரட்சிக்குப் பிறகு கடலின் மேற்பரப்பிலும் இதே வேதிவினைதான் நடந்துவருகிறது. பி.எச். சுமார் 8.2-இலிருந்து 8.1-ஆக இறங்கியிருக்கிறது. சிறிய எண்போலத் தோன்றினாலும் அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

இனி உயிர்களை விடலாம். முதலில், பாறையில் படரும் பாசியை மேய நத்தைகளும், மிச்ச உணவைப் பொறுக்கத் துறவி நண்டுகளும் வருகின்றன. அடுத்து, கல் எலும்புக்கூடு இல்லாத, சிறு தவறுகளைப் பொறுக்கும் காளான் பவளமும் தோல் பவளமும். பிறகு சொடுக்கு இறால். அதன் பெரிய கொடுக்கு சடாரென மூடும்போது நீரில் ஒரு வெற்றுக்குமிழி உண்டாகிறது. அது நொறுங்கும் கணத்தில் உள்ளே வெப்பம் சூரியனின் மேற்பரப்பை நெருங்குகிறது என்று 2001-இல் கண்டறிந்தார்கள். இவ்வளவு ஆயுதம் இருந்தும் பார்வை மிகக் குறைவு. ஆகவே சில சொடுக்கு இறால்கள் உளுவை இனத்து மீன் ஒன்றோடு கூட்டுச் சேர்கின்றன. இறால் வளை தோண்டும். மீன் வாசலில் காவல் நிற்கும். இறாலின் உணர்கொம்பு மீன்மேல் எப்போதும் தொட்டபடி இருக்கும். மீன் வாலை உதறினால் ஆபத்து என்று பொருள், இரண்டும் வளைக்குள் மறையும்.

கடைசியாகக் கோமாளி மீன். ஜோடியாக வளர்க்க ஆணையும் பெண்ணையும் தேட வேண்டியதே இல்லை. இரண்டு இளம் மீன்களைச் சேர்த்துவிட்டால், பெரியதும் வலியதும் பெண்ணாகிவிடும். மற்றது ஆணாகத் தங்கும். பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் இவற்றைப் பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். எனவே கடலில் பிடித்த மீனைக் கேட்டு வாங்காதீர்கள். தொட்டியில் பிறந்ததையே கேளுங்கள். அது தொட்டி வாழ்வுக்கும் உலர்ந்த தீவனத்துக்கும் பிறப்பிலிருந்தே பழகியது.

கல் பவளங்களைப் பொறுத்தவரை சட்டமும் திட்டவட்டமாக இருக்கிறது. இந்தியாவில் 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து ஒரு துண்டு எடுப்பதும் குற்றம். ஆனால் பவளத்தைப் பெருக்கக் கடலை வெட்டவே தேவையில்லை. முருங்கைப் போத்தை வெட்டி நடுவதுபோல, வளர்ந்த பவளத்தில் விரல்நீளத் துண்டை எடுத்து வேறு கல்லில் ஒட்டிவைத்தால் அது தனிப் பவளமாக வளரும். வளர்ப்பாளர்கள் தொட்டிகளில் பல்லாண்டுகளாகச் செய்துவரும் இந்த முறையில்தான், தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் மன்னார் வளைகுடாவில் சிதைந்த திட்டுகளைச் செப்பனிடுகிறார்கள். சிமெண்டுச் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் இறக்குகிறார்கள். அங்கே உப்பையும் ஒளியையும் அலையையும் கடலே தந்துவிடுகிறது. நடுவதும் காப்பதும் மட்டுமே மனிதர் செய்யவேண்டியவை.